எரிவாயுக் கிணற்றுப் படம்: புள்ளி சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை, தன் எல்லைக்குள் தோண்டப்பட்ட எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைக் காட்டும் நிலப்படம் ஒன்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளது. இணையத்தின் வழியே எவரும், மதுரையிலுள்ள ஒரு மாணவர்கூட, அதைக் கணிப்பொறித் திரையில் விரித்துப் பார்க்கலாம். மாநிலத்தின் மேற்குப் பாதியில் கடுகைக் கொட்டினாற்போல் புள்ளிகள். வடகிழக்கு மூலையில் இன்னொரு கொத்து. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிணறு. தொட்டால் அதன் எண், உரிமம் பெற்ற நிறுவனம், கிணறு இயங்குகிறதா மூடப்பட்டதா என்ற விவரம் எல்லாம் வரும்.

இக்கட்டுரை அந்தப் படத்தைப் பற்றிய விமரிசனம். நூலை விமரிசிக்கலாம், நாடகத்தை விமரிசிக்கலாம், நிலப்படத்தை விமரிசிப்பதுண்டோ என்று நீங்கள் கேட்கக்கூடும். படமும் ஒரு கூற்றுத்தான். யாரோ ஒருவருடைய கேள்விக்கு விடையாகவே எந்தப் படமும் வரையப்படுகிறது. இந்தப் படம் விடை சொல்வது, “துளை எங்கே போடப்பட்டது?” என்ற அரசு அதிகாரியின் கேள்விக்கு. ஆனால் அதை ஆவலோடு திறந்து பார்ப்பவர்களில் நில உரிமையாளர்களும் உண்டு. அவர்களுடைய கேள்வி வேறு: “என் நிலத்தடியிலுள்ள வாயு எந்தக் கிணற்றில் போய்ச் சேருகிறது? அதில் எனக்குப் பங்கு உண்டா?” ஒரு கேள்விக்கு எழுதிய விடையை இன்னொரு கேள்விக்கு விடையாகப் படித்தால் தேர்வில் மதிப்பெண் போகும், இங்கே போவது பணம்.

நம் நாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. இங்கே நிலத்தடி எண்ணெயும் எரிவாயுவும் அரசின் உடைமை. திருவாரூர்ப் பக்கத்து வயலில் எண்ணெய்க் கிணறு தோண்டினால் வயல்காரருக்குக் கிடைப்பது மேற்பரப்பு நிலத்துக்கான ஈடு மட்டுமே. அமெரிக்காவில் அப்படியன்று. வயலுக்கு உரியவரே அடியிலுள்ள வாயுவுக்கும் உரியவர்; முன்னோர் யாராவது அடிநில உரிமையைத் தனியே பிரித்து விற்றிருந்தால்தான் நிலை மாறும். உரியவர் நிறுவனத்துக்குக் குத்தகை எழுதிக் கொடுக்கிறார். நிறுவனம் விளைச்சலில் ஒரு பகுதியை ‘ராயல்டி’யாகத் தருகிறது. அந்தப் பகுதி எட்டில் ஒன்றுக்குக் குறையக்கூடாது என்று பென்சில்வேனியாவில் 1979-இல் சட்டம் செய்தார்கள். ஆகவே அங்கே ஒரு உழவருக்கு இந்தப் படம் வெறும் வேடிக்கைப் பொருளன்று.

முதலில் படத்தின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கிணறுகளின் எண்முறை மிகச் சீரானது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த முறைப்படி முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும், அடுத்த மூன்று மாவட்டத்தையும் (அங்கே ‘கவுண்டி’ என்பார்கள்), பின்வரும் ஐந்து குறிப்பிட்ட கிணற்றையும் குறிக்கும். 37 என்றால் பென்சில்வேனியா; 37-115 என்றால் அதன் வடகிழக்கிலுள்ள சஸ்குவஹானா கவுண்டி. ஒஹையோவுக்கு 34, டெக்சாசுக்கு 42. நிறுவனம் கைமாறினாலும் கிணற்றின் பெயர் மாறினாலும் இந்த எண் மாறாது. நில உரிமையாளர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். மற்ற எல்லாப் பதிவேடுகளையும் திறக்கும் சாவி இது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஷேல் பாறைக் கிணறு ஒவ்வொன்றும் மாதந்தோறும் எவ்வளவு வாயு தந்தது என்பதை நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். கிணற்று எண்ணைக் கொண்டு அந்தக் கணக்கையும் எவரும் பார்க்கலாம். இவ்வளவு வெளிப்படையான பதிவு எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை.

இனி, புள்ளிக்கு வருவோம். புள்ளி காட்டுவது தரைமட்டத்தில் துளை தொடங்கும் இடத்தை. பழைய காலத்துக் கிணறுகளுக்கு இது போதுமானதாக இருந்தது. 1859-இல் அதே மாநிலத்தின் டைட்டஸ்வில் ஊரில் தோண்டிய புகழ்பெற்ற எண்ணெய்க் கிணறு 69½ அடி ஆழமே. நேர் கீழே இறங்கியது. அத்தகைய கிணற்றில் தலையும் காலும் ஒரே இடந்தான். ஆனால் 2004-க்குப் பிறகு அங்கே நடப்பது மார்செல்லஸ் என்னும் களிப்பாறை அடுக்கிலிருந்து வாயு எடுக்கும் வேலை. ‘ஷேல்’ எனப்படும் இப்பாறை பெரும்பாலும் 5,000 முதல் 8,000 அடி ஆழத்தில் கிடக்கிறது. கனமோ சில நூறு அடிக்கு உட்பட்டது. மெல்லிய தோசை போன்ற இந்த அடுக்கில் நேர்க்குத்தாகத் துளைத்தால் துளைக்கும் பாறைக்கும் உள்ள தொடர்பு மிகக் கொஞ்சம். எனவே, குழாயைக் கீழே இறக்கி, மெதுவாக வளைத்து, அடுக்கின் ஊடே கிடையாகச் செலுத்துகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் அறிக்கையில் “அளந்த நீளம் 18,000 அடி, செங்குத்து ஆழம் 6,500 அடி” என்று இருப்பதாகக் கொள்வோம். 18,000 அடி ஆழக் கிணறு என்று செய்தியில் எழுதிவிடுவார்கள், அது தவறு. துளை 700 அடி ஆரமுள்ள கால்வட்டமாக வளைகிறது என்றால், வளைவு தொடங்கும் ஆழம் 5,800 அடி. கால்வட்டத்தின் நீளம் ¼ × 2π × 700, அதாவது ஏறத்தாழ 1,100 அடி. இரண்டையும் கூட்டினால் 6,900 அடி. மீதி 11,100 அடியும் கிடையாகவே ஓடுகிறது. இரண்டு மைலுக்கு மேல், அதாவது 3 கிலோமீட்டரைத் தாண்டிய தூரம்! படத்திலுள்ள புள்ளி கிணற்றின் வாயைக் காட்டுகிறது. வாயுவைத் தரும் பகுதி முழுவதும் அடுத்த ஊர் வரை நீண்டு கிடக்கிறது.

எந்தத் திசையில் என்பதுதான் சுவையான செய்தி. பாறைக்குள் நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி அதைப் பிளக்கும்போது, பிளவு நம் விருப்பப்படி திறக்காது. பாறையை எல்லாத் திசையிலிருந்தும் புவியின் தகைவுகள் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. எந்தத் திசையில் நெருக்கம் மிகக் குறைவோ அந்தத் திசையில்தான் பிளவு வாய் திறக்கும். அதற்குச் செங்குத்தாக நீளும். அப்பலேசியப் பகுதியில் மிகுந்த கிடைத் தகைவு ஏறத்தாழக் கிழக்கு-வடகிழக்கிலிருந்து மேற்கு-தென்மேற்காக அமைந்துள்ளது. பிளவுகளும் அவ்வாறே ஓடும். ஒரே துளையிலிருந்து வரிசையாகப் பல பிளவுகளை உண்டாக்கவேண்டுமானால் துளை அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லவேண்டும். ஆகவே மார்செல்லஸ் கிணறுகளில் மிகப் பல வடக்கு-வடமேற்கு நோக்கியோ தெற்கு-தென்கிழக்கு நோக்கியோ ஓடுகின்றன. ஒரே மேடையில் ஆறோ எட்டோ புள்ளிகள் நெருங்கியிருப்பதைப் படத்தில் காணும்போது, அங்கிருந்து சீப்பின் பற்களைப்போல் இரு பக்கமும் இணையான துளைகள் ஓடுவதாக மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

இதன் விளைவைக் கவனியுங்கள். கிணற்று மேடைக்குக் கிழக்கே கால் மைலில் ஒருவர் வீடு. இரவெல்லாம் இயந்திர இரைச்சலும் லாரிப் புழுதியும் அவருக்கு. வடமேற்கே ஒன்றரை மைலில் இன்னொருவர் வயல். அவருக்குப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. ராயல்டி பெறுபவர் பின்னவராக இருக்கலாம். முன்னவருக்கு ஒரு காசும் வராமற் போகலாம். புள்ளிக்கு அருகில் இருப்பவரே பங்குக்கு உரியவர் என்ற எண்ணத்தைப் படம் வாயால் சொல்லவில்லை. ஆனால் பார்க்கிற கண் அப்படித்தான் படிக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் படம் இவ்வகையில் மேலானது. அங்கே எண்ணெய்த் தொழிலைக் கண்காணிப்பது ரயில்ரோடு கமிஷன். 1891-இல் ரயில் பாதைகளை ஒழுங்குபடுத்த ஏற்பட்ட அமைப்பு அது. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதன் படத்தில் கிணற்றின் மேல்வாயையும் அடிமுனையையும் ஒரு கோட்டால் இணைத்துக் காட்டுகிறார்கள். கோட்டைப் பார்த்தால் துளை யாருடைய நிலத்தடியில் செல்கிறது என்று தெரிகிறது.

தெரிந்தும் போதாது. பங்கைத் தீர்மானிப்பது புள்ளியுமன்று, கோடுமன்று. துரப்பண அலகின் எல்லை. இங்கே ‘அலகு’ என்பது மீட்டர், கிலோகிராம் போன்ற அளவை அலகு அல்ல. பல உரிமையாளர்களின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, இந்தப் பரப்பிலுள்ள எல்லாரும் இந்தக் கிணறுகளின் விளைச்சலைப் பகிர்ந்துகொள்வார்கள் என்று வகுத்த பரப்பே துரப்பண அலகு.

இது ஏன் ஏற்பட்டது? 1889-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் எண்ணெயையும் வாயுவையும் காட்டு விலங்குகளுக்கு ஒப்பிட்டது. மான் என் நிலத்தில் நிற்கும்வரை என்னுடையது. வேலியைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குப் போய்விட்டால் அங்கே பிடிப்பவருடையது. ‘பிடித்தவர்க்கே உரிமை’ என்ற இக்கோட்பாடு என்ன செய்யும்? அண்டை நிலத்தார் உறிஞ்சுமுன் நாம் உறிஞ்சிவிடவேண்டும் என்று ஒவ்வொருவரும் கிணறு தோண்டுவார்கள். 1930-இல் கண்டுபிடித்த கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயலில், கில்கோர் நகரின் நடுவே ஏறத்தாழ ஒரு ஏக்கருக்குள் 24 கிணறுகள் எழுந்தன. வீண்செலவு ஒருபுறம், பாறையின் அழுத்தம் விரைவில் குன்றிப் பெரும்பகுதி எண்ணெய் அடியிலேயே சிக்கிக்கொள்வது மறுபுறம். கிணற்றுக்குக் கிணறு இத்தனை அடி, எல்லையிலிருந்து இத்தனை அடி என்ற விதிகள் இதனால் வந்தன. ஒஹையோவில் 4,000 அடிக்கும் ஆழமான சாதாரணக் கிணற்றுக்கு 40 ஏக்கர் அலகும், அலகின் எல்லையிலிருந்து 500 அடி இடைவெளியும் வேண்டும் என்ற விதி இத்தகையது.

ஷேல் கிணற்றின் அலகு இதைப்போல் பல மடங்கு பெரியது. 640 ஏக்கர் அலகு, அதாவது ஒரு சதுர மைல், என்று பத்திரத்தில் இருந்தால் உடனே சதுரமாக எண்ணிவிட வேண்டாம். மேலே கண்ட 11,100 அடி நீளத் துளைக்கு இசைய வரைந்தால் அதன் அகலம் ஏறத்தாழ 2,500 அடியே வரும். இரண்டு மைல் நீளமும் அரை மைலுக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டு சாய்ந்து கிடக்கும் ஒரு பட்டை. குத்தகைக்கு உடன்படாதவர் நிலம் நடுவில் இருந்தால், அதைத் தவிர்த்துப் பல் உடைந்த சீப்புப்போல் எல்லை வளைந்து போகும்.

இந்த எல்லை பென்சில்வேனியாவின் பொதுப் படத்தில் இல்லை. என் முதன்மையான குறை இதுவே. மார்செல்லஸ் அலகுகள் அங்கே அரசு வகுத்தவையல்ல; குத்தகைப் பத்திரம் தரும் அதிகாரத்தைக் கொண்டு நிறுவனமே அறிவிப்பவை. அந்த அறிவிப்புப் பத்திரத்தைக் கவுண்டியின் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். அதனுடன் ஒரு படமும், சேர்த்த நிலத்துண்டுகளின் வரி எண்களும் ஏக்கர் அளவும் இணைப்பாக இருக்கும். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பதுபோல, நில உரிமையாளர் அங்கே சென்று தன் பெயரிலும் நிறுவனத்தின் பெயரிலும் தேடவேண்டும். கிணறு எங்கே என்பது ஒரு துறையில்; அலகு எது என்பது வேறோர் அலுவலகத்தில்; துளையின் திட்டப் பாதை உரிம விண்ணப்பத்தோடு இணைத்த தனிப்படத்தில்; துளை உண்மையில் சென்ற பாதை, வேலை முடிந்தபின் தரும் நிறைவு அறிக்கையில். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலையைச் செய்யவேண்டியவர் உழவர். எதிர்ப்பக்கத்தில் நிறுவனத்தின் அளவையாளரும் வழக்கறிஞரும் அதை ஏற்கெனவே செய்து முடித்திருப்பார்கள்.

எல்லைக் கோடு எவ்வளவு பெறும் என்பதை எண்களில் பார்ப்போம். உங்களுக்கு 40 ஏக்கர்; அலகு 640 ஏக்கர்; ராயல்டி எட்டில் ஒன்று. உங்கள் பங்கு 40/640 × 1/8 = 0.0078125. ஒரு மாதத்தில் அலகின் கிணறுகள் 3,00,000 ஆயிரம் கன அடி வாயு தந்து, ஆயிரம் கன அடி 2½ டாலருக்கு விற்றதாகக் கொண்டால், மொத்தம் 7,50,000 டாலர். உங்களுக்கு 5,859 டாலர். இப்போது அலகை 800 ஏக்கராக விரிவுபடுத்திவிட்டார்கள். புதிய கிணறு ஏதும் தோண்டவில்லை என்று கொள்வோம். பங்கு 0.00625 ஆகிறது, கிடைப்பது 4,687 டாலர். கிணறும் அதே, வாயுவும் அதே, படத்திலுள்ள புள்ளியும் அதே. கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று நகர்ந்ததால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. (வாயுவைச் சுத்தம் செய்து குழாயில் அனுப்பும் செலவில் உரிமையாளரின் பங்கைக் கழித்துக்கொள்வதும் செல்லும் என்று 2010-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது, அது தனிக் கதை.)

கோடு நகர்வதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருவருக்கு 200 ஏக்கர் இருக்கிறது. அலகு அதன் மூலையில் 5 ஏக்கரை மட்டும் தொட்டுச் செல்கிறது. குத்தகை பொதுவாகக் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு, அதன்பின் வாயு கிடைக்கும்வரைக்கும் என்று எழுதப்படும். 5 ஏக்கர் அலகில் சேர்ந்ததாலேயே 200 ஏக்கர் குத்தகையும் உயிரோடு நீடிக்கும். உரிமையாளர் மீதி 195 ஏக்கரை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. ராயல்டியோ 5 ஏக்கருக்கு மட்டுமே. அலகில் சேராத நிலம் குத்தகையிலிருந்து விடுபடும் என்று ஒரு விதியைப் பத்திரத்தில் முன்னரே எழுதியிருந்தால் தப்பலாம். ‘ப்யூ விதி’ என்று அதற்குப் பெயர். அலகின் எல்லையைப் படத்தில் பார்ப்பவர் தன் நிலம் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்றும் பார்க்கவேண்டும்.

முற்றிலும் வெளியே இருப்பவர் கதி என்ன? சஸ்குவஹானா கவுண்டியில் குத்தகைக்கு விடாத ஏறத்தாழ 11 ஏக்கர் நிலத்துக்கு உரிய குடும்பம் ஒன்று, பக்கத்து நிலத்தில் துளையிட்ட நிறுவனம் பாறையைப் பிளந்து தங்கள் வாயுவையும் இழுத்துவிட்டதாக வழக்குத் தொடர்ந்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிளந்து எடுப்பது பிடித்தவர்க்கே உரிமைக் கோட்பாட்டில் அடங்காது என்றது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது: பாறையைப் பிளந்து எடுத்தாலும் கோட்பாடு பொருந்தும், பிளவோ, நீரோ, மணலோ அடுத்தவர் நிலத்தடிக்குள் உண்மையில் புகுந்ததென்றால் மட்டும் அத்துமீறல் பற்றிப் பேசலாம்.

இயற்பியல் படித்தவன் என்ற முறையில் இந்த உவமை எனக்கு உறுத்துகிறது. மணற்பாறையில் வாயு மெய்யாகவே நடமாடும். காட்டு விலங்கு என்பது பொருத்தமே. ஷேல் பாறையின் நுண்துளைகளோ மிகமிக நுண்ணியவை. வாயு அவற்றில் பல கோடி ஆண்டுகளாகச் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அதைக் காட்டு விலங்கு என்பதைவிடக் கூண்டில் அடைத்த விலங்கு என்பதே சரி. கூண்டை உடைத்தால்தான் வெளியே வரும். சட்டத்துக்கு அதன் காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஆறாயிரம் அடிக்குக் கீழே பிளவின் நுனி தன் எல்லையைத் தாண்டியதா என்பதை 11 ஏக்கர்க்காரர் எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்? பிளவின்போது எழும் நுண்ணிய அதிர்வுகளைப் பதிவு செய்யும் கருவிகள் உண்டு. அவற்றை வைப்பதும் வைக்காததும் நிறுவனத்தின் விருப்பம். அரசுப் படமோ புள்ளியோடு நின்றுவிடுகிறது.

ஒஹையோ வேறு வழியில் செல்கிறது. அலகாக வகுக்க நினைக்கும் பரப்பில் 65 சதவீத நிலத்துக்கு உரியவர்கள் இசைந்தால், மற்றவர்களையும் சேர்த்து அலகை அமைக்கும்படி அரசு ஆணையிடலாம். இசையாதவரைக் கட்டாயப்படுத்துவது எல்லாருக்கும் பிடித்த ஏற்பாடன்று. ஆனால் இசையாதவருக்கும் பங்கு உண்டு. அலகின் எல்லையும் அரசு ஆணையின் பகுதியாகப் பொதுப் பதிவில் வந்துவிடுகிறது.

ஆழத்தையும் மறந்துவிடக் கூடாது. படம் தட்டையானது, பாறை அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. மார்செல்லசுக்குப் பல ஆயிரம் அடி கீழே யூட்டிக்கா என்னும் இன்னொரு ஷேல் அடுக்கு இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒனண்டாகா என்ற சுண்ணாம்புப் பாறை. பென்சில்வேனியாவின் 1961-ஆம் ஆண்டு எண்ணெய்-எரிவாயுப் பாதுகாப்புச் சட்டம், இடைவெளி விதிகளையும் அரசு வகுக்கும் அலகுகளையும் ஒனண்டாகாவைத் துளைத்துச் செல்லும் ஆழ்கிணறுகளுக்கே பெரும்பாலும் உரியதாக்குகிறது. மார்செல்லஸ் அதற்கு மேலே இருப்பதால் தப்பிவிடுகிறது. ஒரே வயல் மேலடுக்கில் ஒரு அலகிலும் கீழடுக்கில் வேறொரு அலகிலும் இருக்கலாம், இரண்டு வேறு சட்டங்களின் கீழ். படத்தில் இரு கிணறுகளின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் பதற்றப்பட வேண்டியதில்லை. வெவ்வேறு மாடிகளில் ஓடும் நடைபாதைகள் அவை. எந்த மாடி என்று படம் குறித்திருந்தால் நன்று.

கோடுகள் கிடைத்துவிட்டன என்றே கொள்வோம். அவற்றை எவ்வளவு நம்பலாம்? 1:24,000 அளவுத் திட்டத்தில் அச்சிட்ட அமெரிக்க நில அளவைப் படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 24 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனாக் கோடே 12 மீட்டர் அகலமாகிறது! திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு கூர்மையாகத் தோன்றும். அதன் துல்லியம் கூடியதாகாது. 1927-ஆம் ஆண்டு அடிப்படையில் எழுதிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை 1983-ஆம் ஆண்டு அடிப்படையில் வரைந்த படத்தில் குறித்தால் இடம் சில பத்து மீட்டர் வரை தள்ளிப்போகும். கவுண்டியின் வரிப் படமும் நம் புலப்படத்தைப்போல் சங்கிலி பிடித்து அளந்ததன்று. வரி வசூலிப்பதற்காக வரைந்தது.

பழைய கிரயப் பத்திரங்களில் காந்தமும் வந்து சேருகிறது. பென்சில்வேனியாவில் எல்லைகளைத் திசைகாட்டியின் பாகைகளாலும் ‘பெர்ச்’ கணக்கிலும் எழுதுவது வழக்கம். ஒரு பெர்ச் 16½ அடி. 160 சதுர பெர்ச் ஒரு ஏக்கர். (இலங்கையில் இன்றும் வீட்டுமனைகளைப் ‘பேர்ச்’ கணக்கில் விற்கிறார்கள் அல்லவா, அதே அளவுதான், சதுரமாக.) ஆனால் காந்தமுள் காட்டும் வடக்கு உண்மை வடக்கன்று, இரண்டுக்கும் இடையிலுள்ள காந்த ஒதுக்கம் காலத்தோடு மாறுவதும் நீங்கள் பாடத்தில் படித்ததே. மேற்குப் பென்சில்வேனியாவில் 1800 வாக்கில் ஒதுக்கம் பூஜ்யத்தை ஒட்டியிருந்தது. இன்று மேற்கே ஏறத்தாழ 9 பாகை. அந்நாளைய பத்திரத்தின் திசையை இன்றைய திசைகாட்டியால் அப்படியே பின்பற்றினால், 1,000 அடி நீளமுள்ள எல்லையின் மறுமுனை 1,000 × சைன் 9°, அதாவது 156 அடி விலகிவிடும். துளையிடும் கருவியும் பாதாளத்தில் திசை அறிவது பெரும்பாலும் காந்தமானியையும் முடுக்கமானியையும் கொண்டுதான். அதில் ஒரே ஒரு பாகை பிழைத்தாலும் 11,000 அடி தாண்டிய முனையில் 192 அடி தவறும். ஆகவே எல்லைக்கு 50 அடி உள்ளே துளை நிற்கிறது என்று ஒரு படம் காட்டினால், அது திட்டப் படமா, தோண்டியபின் அளந்த படமா என்று முதலில் கேளுங்கள்.

என் தீர்ப்பு இது. பென்சில்வேனியாவின் படம் நேர்மையானது. பதிவேடாக நோக்கினால் பாராட்டத்தக்கது. ஆனால் 1859-இன் கிணற்றுக்கு ஏற்ற வடிவத்தில் இன்றைய கிணற்றைக் காட்டுகிறது. அளந்து முடித்த துளைப் பாதையை அரசுக்குத் தருகிறார்கள். அலகுப் பத்திரங்கள் கவுண்டிதோறும் பதிவாகி உள்ளன. புதிதாக ஒன்றையும் அளக்கவேண்டியதில்லை. துளைப் பாதை, அலகின் எல்லை, அது எந்தப் பாறை அடுக்குக்கு உரியது, எந்தத் தேதியில் அறிவித்தது ஆகிய இவற்றைப் புள்ளியின் மேல் வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் பிழை எல்லையையும் குறித்தாலே போதும். நிறுவனத்தின் தொழில் இரகசியம் என்று இதற்குத் தடை சொல்ல இடமில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எவரும் பார்க்கக்கூடியது இரகசியமாகாது.

அதுவரை நில உரிமையாளர் கையில் ஒரு சிறு கருவி இருக்கிறது. ராயல்டி வழங்கத் தொடங்குமுன் நிறுவனம் அனுப்பும் பங்கீட்டுத் தாளில் ஒரு தசம எண் இருக்கும். நம் எடுத்துக்காட்டில் அது 0.00625 என்று கொள்ளுங்கள். உங்கள் 40 ஏக்கரை எட்டால் வகுத்தால் 5, அதை 0.00625-ஆல் வகுத்தால் 800. அலகின் பரப்பு வந்துவிட்டது, எந்தப் படத்தையும் பார்க்காமலே. பதிவு செய்த அறிவிப்பில் 640 என்று இருந்தால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. திருத்திய அறிவிப்பின் நகலைக் கேட்டு வாங்கவேண்டும். அத்தாளில் வாயுவின் அளவை ‘எம்சிஎஃப்’ என்று போட்டிருப்பார்கள். நமக்கு எம் என்றால் மெகா, பத்து இலட்சம். அவர்களுக்கு அது ரோமானிய எண்ணின் எம், வெறும் ஆயிரம். பத்து இலட்சத்துக்கு இரண்டு எம் போடுவார்கள்.